வெட்கம் யாருடையது?

கேரளத்தின் பழைய மாதாகோயில் கல்லறைத் தோட்டங்களில் ஒரு மூலை இருந்தது. மலையாளத்தில் அதற்குத் 'தெம்மாடிக்குழி' என்று பெயர். தெம்மாடி என்றால் போக்கிரி, ஒழுங்கு கெட்டவன். சபையோடு சண்டை போட்டவர்கள், விலக்கிவைக்கப்பட்டவர்கள், தற்கொலை செய்துகொண்டவர்கள் எல்லோருக்கும் அந்த மூலைதான். மணியோசை கிடையாது. பாதிரியார் வரமாட்டார். குழி வெட்டி மூடிவிட்டு வரவேண்டியதுதான்.

புதைக்கப்பட்டவருக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த மூலையைக் கடந்து பூசைக்குப் போகவேண்டியவர்கள் அவருடைய மனைவியும் பிள்ளைகளும்தான். குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டவர் மண்ணுக்குள் போய்விட்டார். வெட்கம் மட்டும் மண்ணுக்கு மேலே நடமாடிக்கொண்டிருந்தது.

இதற்குச் சட்டமும் துணை நின்றது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, தெரிந்தே தன்னைக் கொன்றுகொண்டவருக்குச் சபை அடக்கம் கூடாது என்றது. 1983-ல் வந்த புதிய தொகுப்பில் அந்த வரி இல்லை. அடக்கம் மறுக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலிலிருந்து தற்கொலை செய்துகொண்டவர்கள் சத்தமில்லாமல் நீக்கப்பட்டார்கள். 1992-ல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இன்னும் ஒரு படி மேலே போனது. கடும் மனவேதனையும் பயமும் அப்படிப்பட்டவரின் பொறுப்பைக் குறைத்துவிடும், அவருக்கு மீட்பு இல்லை என்று யாரும் கைவிட வேண்டாம் என்றது. நாட்டுச் சட்டம் இந்த இடத்துக்கு வர இன்னும் நாளாயிற்று. 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம்தான், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று சொன்னது. ரோமாபுரி மெதுவாக நகரும் என்று கேலி செய்பவர்கள் கவனிக்கலாம்: இந்த விஷயத்தில் டில்லி 34 வருஷம் பின்தங்கியது.

சட்டம் மாறிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் அந்த மூலையும் மற்ற இடங்களோடு கலந்துவிட்டது. ஆனால் ஊராரின் பார்வையில் அந்த மூலை அப்படியேதான் இருக்கிறது. கிறிஸ்தவ வாழ்க்கையில் குற்ற உணர்வும் வெட்கமும் என்று பேச்செடுத்தால் நாம் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இடுக்கியின் எல்லையோரத்துக்கு வருவோம். குமுளி, வண்டிப்பெரியாறு, கம்பம்மெட்டு, போடிமெட்டு, மறையூர். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகக் கூலி வேலை செய்யும் தமிழர்கள் ஒரு பக்கம். பாலா, காஞ்ஞிரப்பள்ளிப் பக்கமிருந்து மலையேறி வந்து காடு திருத்திக் குடியேறிய மலையாளக் கிறிஸ்தவர்கள் இன்னொரு பக்கம். மூன்று நான்கு சபைகள், இரண்டு மொழிகள், ஒரே ஏலக்காய் விலை. 2018 ஆகஸ்டில் வெள்ளமும் மண்சரிவும் வந்தன. ஏலமும் மிளகும் போயின. கடன் மட்டும் போகவில்லை. அந்த வருஷக் கடைசியிலிருந்து 2019 மார்ச் வரை இடுக்கியில் கடன்பட்ட விவசாயிகள் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கேரள அரசு அவசரமாகக் கூடி, 2019 டிசம்பர் 31 வரை விவசாயக் கடன் வசூலை நிறுத்திவைப்பதாக அறிவித்தது.

கடனால் செத்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. பாதி உண்மை. கடன் எல்லோருக்கும் உண்டு. மனிதனை உடைப்பது கடன் வீட்டு வாசலுக்கு வரும் விதம். 2002-ம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்படி வங்கி ஒரு சொத்தைக் கையகப்படுத்தும்போது, அறிவிப்பை வெளிக்கதவில் ஒட்ட வேண்டும், இரண்டு பத்திரிகைகளில் விளம்பரமும் செய்ய வேண்டும். அதில் ஒன்று உள்ளூர் மொழிப் பத்திரிகையாக இருக்க வேண்டும். அந்தச் சொத்தை ஏமாந்து யாரும் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட விதி என்பது புரிகிறது. மலையோரத்துக் குக்கிராமத்தில் அதற்கு வேறொரு அர்த்தம். பால் ஊற்ற வருபவர் அதைப் படிப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் கூட்டாளிகள் படிப்பார்கள். ஞாயிறன்று கோயிலில் பக்கத்து வரிசைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்காருவார், அல்லது தள்ளி உட்கார்ந்ததாகத் தோன்றும். இரண்டும் ஒன்றுதான்.

மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்டவனுக்கு இங்கே ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கும் இடம். மத்தேயு எழுதிய கிரேக்க மூலத்தில் அங்கே இருக்கும் சொல்லுக்குக் கடன் என்றே பொருள். லூக்கா அதையே பாவம் என்று எழுதினார். இயேசு பேசிய அரமாயிக்கில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழ்ப் புராட்டஸ்டண்டு பைபிள் மத்தேயுவைப் பின்பற்றிக் கடன் என்று போட்டது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் முன்பு பாவம் என்றார்கள், பிறகு குற்றம் என்று மாற்றிக்கொண்டார்கள். கேரளத்துச் சுறியானிக் கிறிஸ்தவர்கள் தங்கள் பழைய வழிபாட்டைப் பின்பற்றி 'கடங்களும் பாபங்களும்' என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். கதவில் நோட்டீஸ் ஒட்டப்பட்ட வீட்டில் மாலை ஜெபத்தில் அந்த முதல் சொல்லை உச்சரிக்கும்போது நாக்கு தடுமாறாதா?

வங்கிக் கடன் பாவமா என்று கேட்டால் எந்தப் பாதிரியாரும் இல்லை என்பார். விளைச்சல் போனது குற்றமும் இல்லை. ஆனால் உள்ளே ஏதோ தப்புச் செய்துவிட்டது போலவே இருக்கும். குற்ற உணர்வையும் வெட்கத்தையும் நாம் ஒரே பானையில் போட்டுக் கிண்டுவதால் வரும் குழப்பம் இது. குற்ற உணர்வு நான் செய்ததைப் பற்றியது. தப்பைச் சொல்லலாம், திருத்தலாம், ஈடு கட்டலாம். வெட்கம் நான் யார் என்பதைப் பற்றியது. அதுவும் மற்றவர் கண்ணில். 'குற்ற உணர்வு' என்ற சொல்லே நமக்கு ஆங்கிலத்தின் வழியாக வந்ததுதான். மனச்சாட்சி உறுத்துகிறது என்றுதான் நம் பாட்டிமார்கள் சொன்னார்கள். வெட்கத்துக்கு மட்டும் தமிழில் பஞ்சமில்லை. நாணம், கூச்சம், அவமானம், மானக்கேடு, தலைகுனிவு என்று வரிசையாக வரும். திருவள்ளுவர் நாணுடைமைக்குத் தனி அதிகாரமே ஒதுக்கினார். தகாத காரியத்துக்குக் கூசுவது ஒன்று, பெண்களின் நாணம் வேறொன்று என்று தொடக்கத்திலேயே பிரித்தும் வைத்தார். பிரித்துவைத்ததை நாம்தான் மறுபடி கலந்துவிட்டோம்.

குற்ற உணர்வுக்குச் சபை ஒரு மருந்து வைத்திருக்கிறது. மலையாளத்தில் கும்பசாரம். தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் பாவசங்கீர்த்தனம் என்றார்கள், இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். தமிழில் அச்சேறிய முதல் புத்தகங்கள் எவை என்று எம்.ஏ. தமிழ் மாணவர்களைக் கேட்டால் 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', மறுவருடம் கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' என்று ஒப்பிப்பார்கள். அடுத்ததாக 1580-ல் அதே கொச்சியில் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியார் அச்சிட்டது எது என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். அது பாவசங்கீர்த்தனம் செய்வதற்கான கையேடு. தமிழ் எழுத்து அச்சுக்கு வந்ததும் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, மனிதர்களைத் தங்கள் தப்புகளை வார்த்தையாக்கச் சொல்லிக்கொடுத்தது. அதுவும் கேரள மண்ணில். 1599-ல் உதயம்பேரூர் சங்கம் கூடி, இந்த வழக்கத்தைச் சுறியானிக் கிறிஸ்தவர்களுக்கும் கட்டாயமாக்கியது.

ஆனால் இந்த மருந்து யாரிடம் கிடைக்கிறது என்பதில்தான் சிக்கல். பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி ஆகியவை தமிழ் பேசும் ஊர்கள். அங்குள்ள லத்தீன் கத்தோலிக்கர்களுக்காகவே 2013 டிசம்பரில், கோயமுத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உண்டானது. சொந்த மொழியில் பூசை, சொந்த மொழியில் சாமியார். எல்லோருக்கும் சந்தோஷம்தான். பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் கொஞ்சம் இடைஞ்சல். அந்தப் பக்கத்துப் பெண்மணி ஒருவர் விளக்கினார்:

"நம்ம பங்குச் சாமிகிட்ட எப்படிங்க சொல்றது? நாளைக்கு அவரேதான வீடு மந்திரிக்க வருவார். வேளாங்கண்ணிக்குப் போனா யாரு என்னன்னு தெரியாத சாமி இருப்பாரு. சொல்லிட்டு பஸ் ஏறிடலாமுங்க."

வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் ஒருவர் இதையே வேறு விதமாகச் சொன்னார். "அச்சனுக்கு நம்ம தமிழ் பாதிதான் புரியும். அதுதாண்ணே வசதி."

சிரித்துவிட்டு விட்டுவிடக் கூடிய பேச்சு இல்லை இது. குற்றத்தை அந்நியரிடம் இறக்கிவைக்கலாம். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் திரையும் ரகசிய விதியும் அதற்காகவே ஏற்பட்டவை. வெட்கத்தை அந்நியரிடம் இறக்க முடியாது. எந்த முகங்களுக்கு எதிரே தலை குனிந்தோமோ அதே முகங்களுக்கு எதிரேதான் நிமிரவும் முடியும். வேளாங்கண்ணியில் மன்னிப்பு வாங்கியவர் பஸ்ஸை விட்டு இறங்குவது மறுபடியும் கொழிஞ்சாம்பாறையில்.

ஆதி சபை இதைத் தெரிந்துவைத்திருந்தது. முதல் சில நூற்றாண்டுகளில் பெரிய பாவங்களுக்குப் பகிரங்கத் தவம்தான். பாவம் செய்தவர்கள் கோயில் வாசலில் நின்றார்கள், ஊர் முழுக்கப் பார்த்தது. கொடுமையான ஏற்பாடு. ஆனால் அதற்கு ஒரு முடிவும் இருந்தது. தவக்காலம் முடிந்து பெரிய வியாழனன்று ஆயரே அவர்களைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவரும் வழக்கம் ரோமாபுரியில் இருந்தது. அவமானம் எல்லோர் முன்னாலும் நடந்தது, திரும்ப ஏற்பதும் எல்லோர் முன்னாலும் நடந்தது. வெட்கத்துக்கு ஒரு கடைசித் தேதி குறித்திருந்தார்கள். பிறகு அயர்லாந்துத் துறவிகள் தனிப்பட்ட சங்கீர்த்தனத்தைப் பரப்பினார்கள். 1215-ல் லாத்தரன் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறையாவது அதைச் செய்தாக வேண்டும் என்றது. மனிதாபிமானமான மாற்றம், சந்தேகமில்லை. மன்னிப்பு ரகசியமாயிற்று. ஆனால் ஊர் தரும் அவமானம் பழையபடி பகிரங்கமாகவே இருந்துவிட்டது. அதற்குக் கடைசித் தேதி குறிக்க ஆள் இல்லாமல் போயிற்று.

தியான மையங்களுக்குக் கூட்டம் ஏன் போகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. சாலக்குடிக்கு அருகே முரிங்ஙூர் டிவைன் மையம் இருக்கிறது. பாலக்காட்டு மலையிலேயே அட்டப்பாடியில் செஹியோன் இருக்கிறது. மேடையேறி மைக்கைப் பிடித்து, குடித்தேன், அடித்தேன், மாறினேன் என்று சாட்சி சொல்கிறார்கள். கூட்டம் கைதட்டுகிறது. சிலருக்கு அது உண்மையிலேயே மறுவாழ்வு. ஆனால் அந்தக் கூட்டமும் அந்நியர் கூட்டம்தான். கைதட்டியவர்கள் யாரும் இவர் வீட்டுக்குப் பக்கத்து வீடு இல்லை.

வெட்கத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அதைப் பிறர் ஆயுதமாக்க முடியும். 2018-ல் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபைப் பாதிரியார்கள் சிலர் மீது ஒரு புகார் எழுந்தது: ஒரு பெண் கும்பசாரத்தில் சொன்னதை வைத்தே அவரை மிரட்டிப் பாலியல் கொடுமை செய்தார்கள் என்று. கேரளம் அதிர்ந்தது. அந்த ஜூலையில் தேசிய மகளிர் ஆணையத்தின் அப்போதைய தலைவர் ரேகா சர்மா, கும்பசாரத்தையே ஒழிக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தார். சபைகள் கொதித்தன. மத்திய அமைச்சராக இருந்த அல்போன்ஸ் கண்ணந்தானம் அது அரசின் கருத்து அல்ல என்று சொல்லி ஆற வைத்தார். விஷயம் அதோடு மத உரிமை விவாதமாகிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போயிற்று.

ஒழிக்க வேண்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை. டாக்டர் ஒருவர் தப்புச் செய்தால் ஆஸ்பத்திரிகளை மூடுவதில்லை. ஆனால் சபைகள் கேட்டுக்கொள்ளாத கேள்வி ஒன்று இருக்கிறது. சங்கீர்த்தன ரகசியத்தை நேரடியாக மீறும் பாதிரியாரைக் கத்தோலிக்கச் சட்டம் தானாகவே சபை விலக்குக்கு உள்ளாக்குகிறது. அவ்வளவு பெரிய தண்டனை. ஆனால் மிரட்டப்பட்டவர் அதைச் சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே? திறந்தால் முதலில் அம்பலமாவது அவருடைய ரகசியம். பூட்டு கெட்டியாகத்தான் இருக்கிறது, சாவி எதிராளியின் கையில். ஆர்த்தடாக்ஸ் சபையின் 1934-ம் ஆண்டு விதிகள் வருஷத்துக்கு ஒருமுறையாவது கும்பசாரம் செய்தவர்களுக்கே பங்குப் பொதுக்குழுவில் இடம் தருகின்றன. மனச்சாட்சிக்கான மருந்தை ஓட்டுரிமைக்கான சீட்டாக்கினால் என்ன ஆகும்? 2020-ல் சிலர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கே போனார்கள்.

கண்ணூர் மாவட்டம் கொட்டியூரில் 2017-ல் வெளியானது இதைவிடக் கசப்பான கதை. பங்குப் பாதிரியார் ஒரு சிறுமியைக் கர்ப்பமாக்கினார். தலைச்சேரி போக்சோ நீதிமன்றம் 2019-ல் அவருக்கு 20 ஆண்டு தண்டனை விதித்தது. 2021-ல் உயர் நீதிமன்றம் அதை 10 ஆண்டாகக் குறைத்தது. உண்மை வெளிவருவதற்கு முன் அந்தக் குடும்பம் என்ன பாடுபட்டது என்பதுதான் முக்கியம். பாதிரியாரைக் காப்பாற்றும் பழியைத் தாங்களே சுமக்கும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டிருந்தார்கள். குற்றம் செய்தவர் பூசை வைத்துக்கொண்டிருந்தார். குற்றமே செய்யாதவர்கள் தலைகுனிந்து நின்றார்கள். அந்தச் சிறுமியிடம் போய், உன் பாவத்தைச் சொல், மன்னிப்பு உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய அக்கிரமம்! அவளுக்குத் தேவைப்பட்டது மன்னிப்பு அல்ல. உன் மேல் தப்பில்லை என்று ஊரறியச் சொல்லும் ஒரு குரல்.

மன்னிப்பைப் பற்றி வாரந்தோறும் பிரசங்கம் நடக்கிறது. வெட்கத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்டவர்கள் குறைவு. சுவிசேஷத்தில் அதற்கு இடமில்லாமல் இல்லை. யூதாஸையும் பேதுருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே இரவில் இருவரும் குருவுக்குத் துரோகம் செய்தார்கள். இருவரும் மனம் கசந்தார்கள். அதிகம் கவனிக்கப்படாத ஒன்று: பாவத்தை வாய்விட்டு அறிக்கையிட்டது யூதாஸ்தான். காசைத் திருப்பிக்கொண்டு போய்க் கோயில் குருக்களிடம், நான் செய்தது தப்பு என்றான். சங்கீர்த்தனத்துக்கான எல்லா லட்சணமும் அதில் இருக்கிறது. அது எங்களுக்கென்ன, உன் பாடு என்று அவர்கள் கையை விரித்தார்கள். அவன் தனியே போய் உயிரை விட்டான். பேதுரு யாரிடமும் எதையும் சொன்னதாகத் தெரியவில்லை. அழுதான், ஆனால் மற்றச் சீடர்களோடு இருந்தான். பழையபடி மீன் பிடிக்கப் போனான். கரையில் நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, சாப்பிடக் கூப்பிட்டார் இயேசு. அவன் மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் அருகேதான். விசாரணை எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நடந்தது. அதையும் தனி அறையில் நடத்தவில்லை. கூட்டாளிகள் அங்கேயே இருந்தார்கள்.

இந்தக் கதையை வாசித்துவிட்டுத்தான் நூற்றாண்டுகளாகத் தெம்மாடிக்குழியும் வெட்டினார்கள்.

இன்று இடுக்கியில் அப்படி ஒரு சாவு நடந்தால் மணி அடிக்கிறது, அச்சன் வருகிறார், முறையாக அடக்கம் நடக்கிறது. அடக்கத்துக்கு ஊர் முழுக்கத் திரளும். அதில் துக்கமும் இருக்கும், வேடிக்கையும் இருக்கும். ஏழாம் நாள் பூசைக்குக் கூட்டம் குறையும். நாற்பத்தொன்றாம் நாள் வரும்போது கடன்காரர்கள் கணக்குச் சொல்லத் தொடங்கியிருப்பார்கள். கதவில் ஒட்டிய நோட்டீஸ் மழையில் பாதி கிழிந்திருக்கும், மீதியைச் சுரண்டி எடுக்க யாருக்கும் மனம் வந்திருக்காது. அன்று அந்த வீட்டில் பந்தி போட்டுக் கஞ்சியோ அப்பமோ பரிமாறுவார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து எத்தனை பேர் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.